நெல் தின்ற ஆடுகள் ஏன் செத்தன?

கேள்வி: எங்கள் ஊர் பெகு மண்டலத்தில் நியாங்லேபின் பக்கம். பத்து வெள்ளாடுகள் வைத்திருக்கிறோம். கார்த்திகையில் மெஷின் வைத்து அறுத்த ஈர நெல்லைத் தார்ப்பாயில் காயப்போட்டிருந்தோம். இரவில் மூன்று பெட்டைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் நெல்லில் வாய் வைத்துவிட்டன. காலையில் மூன்றும் அசைபோடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. மத்தியானம் வயிறு பெருத்து, புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிந்தது. கழிச்சல் என்றால் புழுதான் என்று புழு மாத்திரை கொடுத்தோம். மறுநாள் விடியுமுன் ஒன்று செத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்றின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கடலை எண்ணெய் ஊற்றினார். அது இருமிக்கொண்டே இருந்து அன்று இரவு போய்விட்டது. மூன்றாவது பிழைத்தது. ஆனால் பத்து நாளாகியும் சரியாகத் தின்னவில்லை, முள்ளில் மிதித்தது போல நடக்கிறது. ஆடுகளை நாங்கள் பட்டினி போட்டதே இல்லை. தவிடும் கஞ்சியும் மீந்த சோறும் கொடுத்துத்தான் வளர்த்தோம். எங்கே தவறு நடந்தது? செத்த இரண்டுக்குப் பதிலாக மேல் பர்மா வியாபாரியிடம் இரண்டு ஆடு வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அறுவடை கையில் வந்து, வீட்டில் நாலு காசு புழங்குகிற நேரத்தில் இரண்டு ஆடுகளைப் பறிகொடுத்திருக்கிறீர்கள். மனது எவ்வளவு கனத்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு கால்நடை மருத்துவனாகச் சொல்கிறேன்: கார்த்திகை, மார்கழி மாதங்களில் நெல் விளையும் ஊர்களில் ஆடு சாவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நெல்லில் விஷம் ஏதும் இல்லை. அதை ஒரே இரவில் வயிறு முட்டத் தின்றதுதான் கொன்றது. இதற்கு அமில நோய் என்று பெயர்.

ஆட்டுக் குடல் கழுவும்போது வெந்நீரில் போட்டு, கறுப்புத் தோலைச் சுரண்டி எடுக்கிறோமே, அந்தப் பெரிய பைதான் ஆட்டின் முதல் வயிறு. உள்ளே இருக்கும் தீனியோடு சேர்த்தால் ஆட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதுவே இருக்கும். அங்கே செரிக்கிற வேலையைச் செய்வது ஆடு அல்ல, அதற்குள் குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். ஆடு மென்று அனுப்பும் தழையையும் நாரையும் அவை புளிக்கவைத்து உடைக்கின்றன. அதில் உண்டாகும் சத்தைத்தான் ஆடு உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஆடு படுத்து அசைபோடுகிறது. அப்போது ஊறும் எச்சிலில் இயற்கையாகவே சோடா உப்பு இருக்கிறது. நாளுக்குப் பல லிட்டர் எச்சில் உள்ளே இறங்கி, அங்கே புளிப்பு ஏறாமல் காக்கிறது. ஆகவே நாருள்ள தீனி இருந்தால் அசை இருக்கும், அசை இருந்தால் எச்சில் இருக்கும், எச்சில் இருந்தால் புளிப்பு அடங்கும்.

நெல், அரிசி, நொய், சோறு எல்லாம் மாவுச்சத்து. தழை தின்று பழகிய வயிற்றில் திடீரென்று மாவு குவிந்தால், நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் பின்வாங்குகின்றன. மாவை உண்டு லாக்டிக் அமிலத்தைக் கக்கும் வேறு வகைகள் சில மணி நேரத்தில் பெருகிவிடுகின்றன. நல்ல நிலையில் முதல் வயிற்றின் அமிலக் குறியீடு (pH, இது இறங்க இறங்கப் புளிப்பு கூடும்) 6-க்கும் 7-க்கும் இடையே நிற்கும். இந்த நோயில் அது 5-க்கும் கீழே இறங்கும். புளிப்பு ஏற ஏற வயிற்றின் அசைவு நின்றுபோகிறது. உடம்பில் ஓடும் இரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. வயிறு நிறையத் தண்ணீர் இருக்கும்போதே உடம்பு வறண்டு போகிறது. கண் உள்வாங்குவதும், காதும் காலும் சில்லிட்டுப்போவதும் இதனால்தான். அமிலம் இரத்தத்தில் கலக்கும்போது ஆடு தள்ளாடி விழுகிறது.

பக்கத்து வயல்களில் அறுத்த தாளில் சிந்திய நெல்லைப் பல ஆடுகள் தினமும் பொறுக்கித் தின்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பீர்கள். அவை தாளும் புல்லும் கடிக்கும் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நெல்லைச் சேர்க்கின்றன. உள்ளே இருக்கும் உயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு, மூன்று வாரம் வேண்டும். அந்த அவகாசம் கிடைத்தால் ஆடு பலவகைத் தீனிக்கும் பழகிவிடும். உங்கள் பெட்டைகளுக்கு ஓர் இரவுதான் கிடைத்தது.

இந்த இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. மருந்து எதையும்விட இது பெரிது என்று நினைக்கிறேன். ஆட்டின் பின்னால், அது பார்க்கும் திசையிலேயே பார்த்து நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி தெரியும். அதில் கை முட்டியை மெல்ல அழுத்தி வைத்துக் காத்திருங்கள். நல்ல ஆடாக இருந்தால் உள்ளிருந்து ஏதோ உருண்டு வந்து கையைத் தள்ளிவிட்டுப் போகும். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை இப்படித் தள்ள வேண்டும். தொட்டால் பிசைந்த மாவின் பதத்தில் கொஞ்சம் அமுங்கும். இப்போதே போய் நலமாக இருக்கும் ஆடுகளில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். நல்லது எப்படி இருக்கும் என்று கை அறிந்துகொண்டால்தான் கெட்டது வரும்போது கைக்குத் தெரியும்.

வெறும் உப்புசமாக இருந்தால் அந்தக் குழி மேலே புடைத்து, முதுகெலும்பு மட்டத்துக்கு ஏறி நிற்கும். விரலால் சுண்டினால் டம் டம் என்று கேட்கும். ஆடு மூச்சு வாங்கும், காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும். உளுந்து, பயறு போன்ற இளஞ்செடிகளைப் பனியோடு மேய்ந்தால் வருவது இதுதான். உள்ளே நுரை கட்டிக்கொண்டு ஏப்பம் வெளியேற வழியில்லாமல் போகிறது. அங்கே எண்ணெய் வேலை செய்யும். வளர்ந்த ஆட்டுக்கு 100 மில்லி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கொடுத்தால் நுரை உடையும். முன்கால்களை மேட்டில் நிறுத்தி, மெல்ல நடக்கவிட்டு, வயிற்றை நீவிவிட வேண்டும்.

நெல் தின்ற ஆட்டின் வயிறு வேறு மாதிரி இருக்கும். கீழ்ப்பக்கம் பெருத்துத் தொங்கும். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினால் தண்ணீர் அலம்புகிற சத்தம் வரும். முட்டியை வைத்தால் தள்ளுதலே இருக்காது. ஆடு பல்லை நறநறவென்று கடிக்கும். கழிச்சலில் முழு நெல் தெரியும், வாடை புளிக்கும். உங்கள் கடிதத்தில் இருப்பது அச்சாக இதுதான். இதற்கு எண்ணெயால் பயன் இல்லை.

இரண்டாவது ஆட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். உதவிக்கு ஓடி வந்தவர் மேல் வருத்தம் வைக்காதீர்கள். ஆனால் மருந்து புகட்டும்போது ஆட்டின் தலையை வானம் பார்க்கத் தூக்கினால், ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் மீட்பது மிகக் கடினம். புகட்டிய பிறகு இருமிக்கொண்டே இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது. தலை முதுகு மட்டத்துக்கு மேல் போகக் கூடாது. வாயோரத்தில், பல் இல்லாத இடைவெளியில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சையோ குறுகிய கழுத்துப் பாட்டிலையோ வைத்து, ஒரு மடக்கு விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மடக்கு விட வேண்டும். இருமினால் உடனே தலையை இறக்கிவிடுங்கள். நிற்க முடியாத, விழுங்கத் தெம்பில்லாத ஆட்டுக்கு வாய் வழியாக எதுவுமே கொடுக்காதீர்கள்.

மீண்டும் எந்த ஆடாவது நெல்லிலோ அரிசியிலோ வாய் வைத்துவிட்டால், நோய் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது கலகலப்பாக நிற்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். முதலில் தீனியிலிருந்து விலக்குங்கள். தண்ணீரைத் தொட்டி நிறைய வைத்து ஒரேயடியாகக் குடிக்க விடாதீர்கள், அவ்வப்போது கொஞ்சமாகக் காட்டுங்கள். தின்பதற்கு வைக்கோல் அல்லது காய்ந்த உளுந்துச் செடி மட்டும். சமையல் சோடா 15 முதல் 20 கிராம், அதாவது தலைதட்டி மூன்று, நான்கு தேக்கரண்டி, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மேலே சொன்னபடி மெல்லப் புகட்டுங்கள். இது 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கான அளவு, குட்டிக்கு எடைக்குத் தக்கபடி குறையும். மணிக்கு ஒரு தடவை எழுப்பி நடத்துங்கள். அதே நேரத்தில் ஒருவர் டவுன்ஷிப் கால்நடை மருத்துவரிடம் ஓடட்டும். கழிச்சல் தொடங்கித் தள்ளாடும் ஆட்டுக்கு இரத்தநாளத்தில் மருந்துநீர் ஏற்ற வேண்டியிருக்கும். சில சமயம் வயிற்றைத் திறந்து நெல்லை அள்ளி எடுக்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் செய்ய முடியாது. இஞ்சி, பெருங்காயக் கஷாயம் சாதாரண மந்தத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம், நெல் தின்ற வயிற்றுக்கு அது போதாது. கஷாயம் கொதிக்கும் வரை காத்திருந்து நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

புழு மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். நம் கீழ் பர்மாவின் மழையில் ஆட்டை அதிகம் வாட்டும் வயிற்றுப் புழு இரத்தம் குடிக்கும் வகை. அது பெரும்பாலும் கழிச்சலைக் காட்டாது, சோகையைக் காட்டும். கீழ் இமையை விரலால் இறக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளுத்திருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ புழு மருந்து அவசரம். இப்படி இமை நிறத்தைப் பார்த்துத் தேவையான ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையைத் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர்கள் நிற அட்டை ஒன்றாகவே செய்து உலகத்துக்குக் கொடுத்தார்கள். எல்லா ஆட்டுக்கும் எப்போதும் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் புழுவுக்கு மருந்து பழகிவிடும்.

இனி, பிழைத்திருக்கும் பெட்டை. அதன் நடையைப் பற்றி எழுதியிருப்பது முக்கியமான செய்தி. அமில நோயில் தப்பிய ஆட்டுக்குக் குளம்பின் உட்பகுதி வீங்கி நோவெடுக்கும். குளம்பைத் தொட்டால் சூடு தெரியும். மேட்டு மண்ணில் வைக்கோல் பரப்பி, அதில் படுக்கவிடுங்கள். ஈரத்திலும் கல்லிலும் கட்டாதீர்கள். வலிக்கு ஊசி உண்டு, மருத்துவர் போடுவார். சில வாரங்களில் குளம்பு கோணலாக வளரலாம், அப்போது சீவிவிட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தலையை மேலே தூக்கி வெறித்துப் பார்த்தாலோ, கண் தெரியாமல் சுவரில் முட்டினாலோ, அது பி1 வைட்டமின் குறைவு. வயிற்று நுண்ணுயிர்கள்தான் அந்த வைட்டமினையும் ஆக்கித் தருகின்றன. அன்றே ஊசி போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

அது சரியாகத் தின்னாததற்குக் காரணம், உள்ளே குடியிருந்த நல்ல உயிர்கள் அழிந்துபோனதுதான். புதிதாகக் குடியேற்றலாம். உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நோயில்லாத ஆட்டை அறுத்த கையோடு அந்தப் பெரிய வயிற்றிலிருக்கும் பச்சைத் தீனியை எடுத்து, துணியில் பிழிந்து, சூடு ஆறுமுன் அரை லிட்டர் சாற்றை உங்கள் பெட்டைக்குப் புகட்டுங்கள். ஆறிப்போனாலும், நேரம் கடந்தாலும் பயன் குறைந்துவிடும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் இன்னும் நல்லது. அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் மருத்துவமனைகளிலும் செய்கிற சிகிச்சைதான் இது.

இதன் வல்லமைக்கு ஓர் உதாரணம் எனக்கு எப்போதும் வியப்பு. நாம் வேலியில் வளர்க்கும் சவுண்டல் தழையில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. அதிகம் தின்ற கால்நடைகளுக்கு முடி கொட்டும், கழுத்தில் கழலை வரும். ஆனால் ஹவாய்த் தீவில் ஆடுகள் அதையே தின்று நலமாக இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் வயிற்று உயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியபோது அவையும் நஞ்சைத் தாங்கிக்கொண்டன. அந்த நுண்ணுயிருக்குப் பிற்பாடு அவர் பெயரையே வைத்தார்கள். நீங்கள் சவுண்டலைத் தாராளமாகக் கொடுங்கள், மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தவிடும் கஞ்சியும் சோறும் கொடுத்து வளர்த்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாசத்தோடு கொடுத்திருக்கிறீர்கள், ஆனாலும் இதை மாற்றத்தான் வேண்டும். முழு நெல்லுக்காவது உமி இருக்கிறது, உள்ளே உடைய நேரம் பிடிக்கும். வெந்த சோறும் கஞ்சியும் உடனே புளிக்கத் தொடங்கிவிடும். சட்டியில் ஒட்டியதைக் கழுவிய தண்ணீர் கெடுதல் செய்யாது. பானை நிறையச் சோறு வேண்டாம். கோயில் அன்னதானம் முடிந்து இலை எடுக்கும்போது ஆடுகளைக் கட்டிவையுங்கள், சோற்றை உதறிவிட்டு இலையை மட்டும் போடுங்கள். குட்டிகளுக்கு முதல் ஒரு மாதம் தாய்ப்பால்தான், கஞ்சி கூடவே கூடாது. குட்டி முட்டிக் குடிக்கும்போது பால் முதல் வயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போகும்படி உள்ளே ஒரு வாய்க்கால் மூடித் திறக்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து இளந்தழையைக் கட்டித் தொங்கவிடுங்கள். அதைக் கொறிக்கக் கொறிக்கத்தான் குட்டியின் முதல் வயிறு வளரும்.

தவிடு நல்ல தீனிதான், அளவோடு. ஊர் மில்லில் கிடைக்கும் தவிட்டில் உமி அதிகம், சத்து குறைவு. பெரிய மில்லின் மெருகுத் தவிட்டில் எண்ணெய் அதிகம், சீக்கிரம் காறிப்போகும். இரண்டிலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம். இந்த ஏற்றத்தாழ்வால் கிடாவுக்கு, அதிலும் காயடித்த கிடாவுக்கு, சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா என்று செல்லமாகத் தவிடே போட்டு வளர்த்து, அது முக்கி முக்கிக் கத்திச் செத்துப்போன வீடுகள் உண்டு.

25 கிலோ பெட்டைக்கு நாளுக்கு இரண்டு கிலோ தழை, நம் கணக்கில் ஒன்றேகால் வீசை வரும். சவுண்டல், அகத்தி, பலா, இலந்தை, வேம்பு என்று கலந்து, தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். அதனுடன் உளுந்து அல்லது பயறு பிடுங்கிக் காயவைத்த செடி கால் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். நம் பக்கம் நெல்லுக்குப் பின் உளுந்து போடாத வயல் குறைவு, அந்தச் செடியைக் கொளுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. மழைக்கு நனையாமல் பரணில் ஏற்றிவைத்தால் ஆவணி, புரட்டாசியில் அது பொன். இவற்றுக்கு மேலே 100 முதல் 150 கிராம் கலப்புத் தீனி. தவிடு 5 கிலோ, உடைத்த மக்காச்சோளம் 2 கிலோ, எள்ளு அல்லது கடலைப் பிண்ணாக்கு 3 கிலோ, தீவனத்துக்கென்று விற்கும் சுண்ணாம்புக்கல் தூள் 200 கிராம், உப்பு 100 கிராம் கலந்துகொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும். பூசணம் பிடித்த பிண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், அதன் நஞ்சு வெயிலில் போகாது. சினை ஆட்டுக்குக் கடைசி ஆறு வாரம் கலப்புத் தீனியை 250 கிராம் வரை ஏற்றலாம், சிறிது சிறிதாக, காலையும் மாலையும் பிரித்து. எப்போதும் முதலில் தழை, பிறகுதான் கலப்புத் தீனி. வெறும் வயிற்றில் தவிடு வைக்காதீர்கள்.

கடைசியாக, மேல் பர்மா ஆடு. வாங்கலாம். மெய்க்தீலா, மக்வே பக்கத்து ஆடுகள் திடமானவை. ஆனால் அவை வறண்ட காட்டில் இலந்தையும் வேல முள்ளும் கடித்து வளர்ந்தவை. லாரியில் ஒரு நாள் பட்டினி கிடந்து வந்து இறங்கியதும், பாவம் என்று தவிட்டுத் தொட்டியை நீட்டினால் கார்த்திகையில் நடந்ததே திரும்ப நடக்கும். வியாபாரியிடம் இதுவரை என்ன போட்டார் என்று கேட்டு, அதே காய்ந்த செடியில் ஒரு மூட்டையையும் சேர்த்து வாங்கி வாருங்கள். முதல் நாள் தண்ணீரும் அந்தச் செடியும் மட்டும். இரண்டாம் நாளிலிருந்து உங்கள் தழையை ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று கூட்டுங்கள். தவிடு இரண்டாவது வாரத்தில்தான், அதுவும் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி. மூன்று வாரம் உங்கள் ஆடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டி, இமையைப் பார்த்து, புழுக்கை உருண்டையாக விழுகிறதா என்று தினமும் கவனியுங்கள். மார்கழிப் பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். கொட்டகைக் கயிற்றை மாற்றி, நெல் காயப்போடும் களத்துக்கும் ஆட்டுக் கொட்டகைக்கும் நடுவே மூங்கில் படல் ஒன்றை இந்த வாரமே கட்டிவிடுங்கள். அடுத்து அறுக்கும் நெல்லும் அதே தார்ப்பாயில்தான் காயப்போகிறது.